வாசலில் காத்திருக்கும் தருமம்



தீபாவளி நெருங்கிவிட்டது. வீட்டில் முறுக்கு மாவு பிசைகிற வேலையும், அம்மாக்கள் திரைச்சீலையை மாற்றுகிற வேலையும் நடந்து கொண்டிருக்கும். தம்பிகள் சிலர் இப்போதே மத்தாப்புப் பெட்டிகளை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் பதுக்கி வைத்திருப்பீர்கள். தெரியாமல் இல்லை! இந்த நேரத்தில் நரகாசுரன் கதையைச் சொல்வது வழக்கம். அதை நீங்கள் சமய வகுப்பில் பலமுறை கேட்டுவிட்டீர்கள். அதனால் இந்த முறை வேறொரு கதையிலிருந்து தொடங்குகிறேன். அது மகாபாரதத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது.

பாரதப் போர் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பாண்டவர்கள் ஐவரும் திரௌபதியும் நாட்டைத் துறந்து மரவுரி உடுத்தி இமயத்தை நோக்கி நடக்கிறார்கள். அப்போது அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு நாய் அவர்களைப் பின்தொடர்கிறது. அதை யாரும் கூப்பிடவில்லை. விரட்டவும் இல்லை. வழியில் திரௌபதி விழுகிறாள். சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என்று ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசியில் தருமரும் அந்த நாயும் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

இந்திரன் தேரோடு வந்து நிற்கிறான். "ஏறு, சொர்க்கத்துக்குப் போகலாம். ஆனால் நாய் வேண்டாம்" என்கிறான். தருமர் ஏறவில்லை. தன்னை நம்பி வந்த ஓர் உயிரைக் கைவிட்டு அடைகிற சொர்க்கம் எனக்கு வேண்டாம் என்று மறுக்கிறார். இந்திரன் எவ்வளவோ வாதாடிப் பார்க்கிறான். மனிதர் அசையவில்லை. அப்போதுதான் அந்த நாய் தன் உண்மை உருவத்தைக் காட்டுகிறது. அது வேறு யாரும் இல்லை, தரும தேவதையே. தருமருக்கு வைக்கப்பட்ட ஒரு பரீட்சை அது.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பரீட்சை போர்க்களத்திலும் நடக்கவில்லை, அரசவையிலும் நடக்கவில்லை. வாய் பேசாத ஒரு நாய் விஷயத்தில் நடந்தது. பெரிய பெரிய தருமங்களையெல்லாம் கரை சேர்த்தவரை, இந்தச் சின்ன விஷயத்தில் என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள்.

நமக்கும் அப்படி ஒரு பரீட்சை வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. அது தீபாவளி இரவில், நம்ம வீட்டு வாசலிலேயே நடக்கிறது.

அன்றிரவு அதற்கு என்ன கேட்கிறது?

மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். நாயின் காது சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனையின் காது 60,000-ஐயும் தாண்டும். நமக்குக் கேட்காத மெல்லிய சத்தமும் அவற்றுக்குத் தெளிவாகக் கேட்கும். நீங்கள் மோட்டாரில் தெருமுனை திரும்பும்போதே வீட்டு நாய் வாலை ஆட்டத் தொடங்குகிறதே, அது இந்தக் காதினால்தான். அந்தக் காதுக்குப் பக்கத்தில் சரவெடி வெடித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

நமக்கு இன்று தீபாவளி என்று தெரியும். அடுத்த வெடி எப்போது வெடிக்கும் என்பதும் தெரியும், ஏனென்றால் திரியைப் பற்ற வைப்பதே நாம்தான். நாய்க்கு இதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், உலகமே திடீரென்று இடிந்து விழுகிறது, அது எப்போது நிற்கும் என்று தெரியவில்லை என்பதுதான். அதனால் நடுங்கும். மூச்சு வாங்கும். எச்சில் ஒழுகும். கதவைப் பிறாண்டும். ஆறடி வேலியையும் தாண்டும். எந்தத் திசை என்று பாராமல் ஓடும்.

நான் வசிக்கும் தாமானில் ஓர் அம்மா இருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். கணவர் காலமான பிறகு அவருக்குத் துணை ஒரு நாட்டு நாய்தான். சில வருடங்களுக்கு முன்பு தீபாவளி இரவு, யார் வீட்டிலிருந்தோ வந்த ஒரு ராக்கெட் அவருடைய கேட்டுக்குள் விழுந்தது. யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது, வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. நாய் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. மறுநாள் காலை, புதுச்சேலை கட்டி விருந்தாளிகளை வரவேற்க வேண்டிய நேரத்தில், அந்த அம்மா கையில் ஒரு தட்டோடு பெரிய சாலை வரைக்கும் நடந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் நான்கைந்து பேர் மோட்டாரில் செம்பனைத் தோட்ட ஓரம் வரைக்கும் தேடினோம். கிடைக்கவில்லை. பல வாரங்கள் அவர் வீட்டு வாசலில் தண்ணீர்க் கிண்ணம் அப்படியே இருந்தது. தினமும் தண்ணீரை மட்டும் மாற்றி வைப்பார்.

அந்த வீட்டுக்குத் தீபாவளி வந்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

"நம்ம பண்டிகைக்கு மட்டும் ஏன் சொல்றீங்க?"

இதை நான் எங்கே பேசினாலும் ஓர் இளைஞர் எழுந்து இப்படிக் கேட்பார். "சீனப் புத்தாண்டுக்கு விடிய விடிய வெடிக்கிறாங்க. ஹரி ராயாவுக்கு வெடிக்கிறாங்க. ஆங்கிலப் புத்தாண்டுக்கு நகரமே வெடிக்குது. அப்பல்லாம் யாரும் பேசறதில்லை. தீபாவளி வந்தா மட்டும் நாய், பூனை, புகை எல்லாம் ஞாபகம் வருது. நாமதான் இளிச்சவாயா?"

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். இந்த நாட்டில் தீபாவளிக்கு நமக்குக் கிடைக்கிற ஒரு நாள் பொது விடுமுறை, அதிலும் அறிவுரையா என்று தோன்றுவது இயல்புதான். வெளியிலிருந்து வந்து நம்ம பண்டிகையைக் குறை சொல்பவர்கள் பேச்சை நானும் ரசிப்பதில்லை.

ஆனால் நான் வெளியிலிருந்து பேசவில்லை தம்பி. நம்ம வீட்டுக்குள்ளிருந்து, நம்ம சாத்திரத்தை வைத்துப் பேசுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறாரா இல்லையா என்று பார்த்துச் செய்வது தருமம் ஆகாது. தருமர் இந்திரனிடம், "மற்றவர்கள் நாயை விட்டுவிட்டு வந்தார்களா, முதலில் அதைச் சொல்" என்று கேட்கவில்லை. தன்னால் எது முடியும், எது முடியாது என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்று. கீழே நான் சொல்லப்போகிற முறைகள் தீபாவளிக்கு மட்டும் அல்ல. சீனப் புத்தாண்டின் முதல் நாளுக்கும், ஹரி ராயாவுக்கும், டிசம்பர் 31 நள்ளிரவுக்கும் இதே முறைகள்தான். நாம் கற்றுக்கொண்டால் நம்ம வீட்டுப் பிராணிக்கு வருடம் முழுவதும் பாதுகாப்பு.

பட்டாசே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் கம்பி மத்தாப்பைச் சுற்றும்போது அவர்கள் முகத்தில் தெரிகிற வெளிச்சம் எனக்கும் பிடிக்கும். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், யார் பக்கத்தில் இருக்கும்போது என்பதை யோசித்துச் செய்வோம் என்கிறேன். அவ்வளவுதான்.

ஐந்து வேள்விகளில் ஒன்று

இல்லறத்தில் இருப்பவர் தினமும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளை நம் முன்னோர்கள் வகுத்திருக்கிறார்கள். தெய்வத்துக்கு ஒன்று, முன்னோருக்கு ஒன்று, வேதம் ஓதுவது ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. ஐந்தாவது பூத யக்ஞம், அதாவது மற்ற உயிர்களுக்குச் செய்ய வேண்டியது. பாட்டி சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதும், அரிசி மாவில் கோலம் போட்டு எறும்புக்கு உணவாக விடுவதும் இந்த வேள்விதான். பெயர் தெரியாமலே பாட்டி அதைச் செய்து வந்தார்.

நம்ம கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். முருகனுக்கு மயிலும் சேவலும். விநாயகருக்கு மூஞ்சூறு. சனீஸ்வரருக்குக் காகம். ஈசனுக்கு நந்தி. பைரவருக்கு நாய். எந்த மூர்த்தியும் தனியாக நிற்பதில்லை. திருவிளையாடல் புராணத்தில் காக்கைகள் கொத்தித் துன்புறுத்திய ஒரு கரிக்குருவிக்கு மதுரைச் சொக்கநாதர் உபதேசம் செய்கிறார். தாயை இழந்த பன்றிக் குட்டிகளுக்கு அவரே தாயாக வந்து பால் கொடுக்கிறார். குருவியும் பன்றிக் குட்டியும் இறைவன் கணக்கில் இருக்கின்றன. நம்ம கணக்கில் ஏன் இல்லை?

இப்போது நாட்காட்டியை எடுங்கள். தேய்பிறை அஷ்டமி வந்தால் பைரவர் சந்நிதியில் கூட்டம் நிரம்பி வழிகிறது. மிளகு தீபம் ஏற்றுகிறோம், வடைமாலை சாற்றுகிறோம். சிலர் வெளியே வந்து நாய்க்குப் பிஸ்கட்டும் போடுகிறார்கள், நல்ல காரியம். ஐப்பசித் தேய்பிறை அஷ்டமி கழிந்து ஆறாவது நாள் சதுர்த்தசி. அதுதான் நரக சதுர்த்தசி, நம்ம தீபாவளி. ஆறு நாளைக்கு முன்பு பிஸ்கட் போட்ட அதே கை, அந்த நாயின் காலடியில் வெடியைக் கொளுத்திப் போடலாமா? தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. மயில்வாகனனை நினைத்து ஆறு நாள் நோன்பு இருக்கப் போகிறோம். பைரவரின் நாய்க்கும் முருகனின் மயிலுக்கும் நடுவில்தான் நம் தீபாவளி இருக்கிறது.

நம்ம தாமான் கேட்டில் காவல் வேலை பார்க்கும் நேப்பாள சகோதரரிடம் ஒரு நாள் பேசிப் பாருங்கள். அவர்கள் ஊரில் இந்தப் பண்டிகைக்குத் திகார் என்று பெயர். ஐந்து நாள் கொண்டாடுவார்கள். முதல் நாள் காக்கைக்கு. இரண்டாம் நாள் குக்குர் திகார், அதாவது நாய்க்கு உரிய நாள். நெற்றியில் திலகமிட்டு, கழுத்தில் சாமந்தி மாலை போட்டு, நல்ல சாப்பாடு வைத்து நாயை வணங்குவார்கள். வீட்டு நாய், தெரு நாய், போலீஸ் நாய் எல்லாவற்றுக்கும் மாலை உண்டு. அந்த இரண்டாம் நாள் எது தெரியுமா? நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அதே சதுர்த்தசி! ஒரே திதியில், ஒரே சமயத்தவர்கள், அங்கே நாய்க்கு மாலை போடுகிறார்கள். இங்கே நாய் கட்டிலுக்கு அடியில் நடுங்குகிறது.

வீட்டுப் பிராணிகளுக்கு நாம் செய்ய வேண்டியது

இனி நடைமுறைக்கு வருவோம். இதைக் கத்தரித்துக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தாலும் சரி.

1. சில வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். வெடிச் சத்தத்தைக் கைப்பேசியில் மிக மெல்லிய ஒலியில் போட்டு, அதே நேரம் பிடித்த தின்பண்டம் கொடுங்கள். பயப்படவில்லை என்றால் மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். பயந்தால் உடனே குறைத்துவிடுங்கள்.

2. போன வருடம் மிகவும் பயந்த நாய் என்றால், இப்போதே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பயத்தைக் குறைக்கும் மருந்து அவரிடம் உண்டு. நாம் சாப்பிடும் தூக்க மாத்திரையையோ வலி மாத்திரையையோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். பனடோல் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

3. கழுத்துப் பட்டையில் உங்கள் கைப்பேசி எண் எழுதிய தகடு இருக்கட்டும். மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அதிலுள்ள முகவரியும் எண்ணும் சரியா என்று பாருங்கள். அண்மையில் எடுத்த படம் ஒன்று கைப்பேசியில் இருக்கட்டும். தொலைந்து போனால் தேட அதுதான் உதவும்.

4. தீபாவளிக்கு முந்தின நாளும் தீபாவளி அன்றும் மாலை வெளிச்சம் இருக்கும்போதே நடக்கக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். சாப்பாட்டையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். இருட்டிய பிறகு வெளியே விடாதீர்கள்.

5. வெளியில் சங்கிலியால் கட்டிப் போடவே கூடாது. பயத்தில் துள்ளும்போது சங்கிலி கழுத்தை இறுக்கும். வேலிக்கு மேல் தாவித் தொங்கிப் போகவும் கூடும். வீட்டுக்குள் ஓர் அறை ஒதுக்குங்கள். மேசைக்கு அடியில் பழைய போர்வையைப் போட்டு, மேலேயும் ஒரு துணியைத் தொங்கவிட்டு ஒரு குகை மாதிரி செய்யுங்கள். ஜன்னலை மூடுங்கள், திரையை இழுத்துவிடுங்கள். காற்றாடியைச் சுழல விட்டு, வானொலியையோ தொலைக்காட்சியையோ போட்டு வையுங்கள்.

6. ஒளிந்துகொண்டால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள். அது தனக்குப் பாதுகாப்பான இடத்தைத் தேடிக்கொண்டது. பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக் கொடுங்கள். "தடவினா பயம் அதிகமாகும்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. பயந்த பிள்ளையை அணைத்துக்கொள்வதில் என்ன தவறு? திட்டுவதும் அடிப்பதும்தான் கூடாது.

7. பூனைக்கு உயரத்தில் ஓர் ஒளிவிடமும் தாழ்வில் ஓர் ஒளிவிடமும் வேண்டும். மணல் தட்டை வீட்டுக்குள் வையுங்கள். மறுநாள் காலை கோயிலுக்குக் கிளம்பும் முன் காரின் பானெட்டைத் தட்டிப் பாருங்கள். பயந்த பூனை இயந்திரத்துக்குள் ஏறிப் படுத்திருக்கும்.

8. முயல், கிளி, புறா, கோழி வளர்ப்பவர்கள் கூண்டை வீட்டுக்குள்ளோ சுவர் மறைவுக்கோ மாற்றுங்கள். துணியால் மூடும்போது காற்றுக்கு ஒரு பக்கம் விடுங்கள். முயல் அதிர்ச்சியிலேயே உயிரை விட்டுவிடக்கூடிய பிராணி. உள்ளே நிறைய வைக்கோல் போட்டால் புதைந்துகொள்ளும்.

9. விருந்தாளி வரும்போது கேட்டும் கதவும் திறந்தபடியே கிடக்கும். "உள்ளே நாய் இருக்கு, கதவைச் சாத்திட்டு வாங்க" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். திறந்த வீட்டு உபசரிப்பில் தொலைந்துபோகும் பிராணிகளும் உண்டு.

10. பலகாரத்திலும் ஆபத்து இருக்கிறது. கேசரியிலும் பாயசத்திலும் போடுகிற உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாக்லெட் விஷம். வெங்காயம் போட்ட கறியும் ஆகாது. வெந்த ஆட்டெலும்பும் கோழி எலும்பும் சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். "பாவம், அதுக்கும் தீபாவளிதானே" என்று தாத்தா பாட்டிகள் கொடுத்துவிடுவார்கள். அன்பாகச் சொல்லி வையுங்கள். அகல் விளக்குகளையும் வால் படாத உயரத்தில் வையுங்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களை மறக்க வேண்டாம்

வீட்டுக்குள் அழைத்துக்கொள்ள நாய்க்கும் பூனைக்கும் நாம் இருக்கிறோம். தோட்டத்தில் இருப்பவற்றுக்கு யார் இருக்கிறார்கள்?

மகாபாரதத்திலேயே இதற்கும் ஒரு கதை உண்டு. காண்டவ வனம் எரிகிறது. அந்த வனத்தில் ஜரிதை என்ற தாய்ப்பறவை, இன்னும் சிறகு முளைக்காத நான்கு குஞ்சுகளோடு இருக்கிறது. நெருப்பு நெருங்குகிறது. நான்கையும் தூக்கிக்கொண்டு தாயால் பறக்க முடியாது. எலி வளைக்குள் ஒளியச் சொல்கிறாள். எலிக்குப் பயந்து குஞ்சுகள் மறுக்கின்றன. "நீ பறந்துபோ அம்மா, நாங்கள் செத்தாலும் நீ பிழைத்தால் வம்சம் தழைக்கும்" என்று தாயை அனுப்பிவிட்டு அக்கினி தேவனைத் துதிக்கின்றன. அக்கினி அந்த நான்கையும் தொடாமல் விலகிப் போகிறான்.

எரிக்கிற தெய்வமே விலகிப் போன கதை இது. தப்பிக்கத் தெரிந்தவை தப்பிவிடும். சிறகு முளைக்காதவை என்ன செய்யும்? நெருப்பை மூட்டுகிறவன்தான் பார்த்து மூட்ட வேண்டும்.

நம்ம நாட்டு வீட்டுத் தோட்டம் சின்னதாக இருந்தாலும் அதில் எத்தனை உயிர்கள்! போர்ச்சில் தொங்குகிற பூச்செடியிலேயே தேன்சிட்டு பை மாதிரி கூடு கட்டும். வேலிச் செடிக்குள் கொண்டைக்குருவி முட்டையிடும். மாமரத்தில் அணில். பூந்தொட்டிக்கு அடியில் தேரை. குவித்து வைத்த மட்டை, பலகைக்குள் அரணை, பல்லி, சில சமயம் பாம்பும் இருக்கும். கூரைக்குள் மரநாய் குட்டி போட்டிருக்கும்.

பொங்கலுக்கு முதல் நாள் போகிக்குப் பழையதை எரிக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்து ஒதுக்கியதையும் சிலர் குவித்துக் கொளுத்துவார்கள். ஒரு வாரமாகக் குவிந்து கிடந்த குப்பை, தேரைக்கும் அரணைக்கும் நல்ல வீடு. வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. தீ வைத்தால் அவை வெளியே ஓடாமல் இன்னும் உள்ளே போய்ப் பதுங்கும். அதனால் குவியலை அப்படியே கொளுத்தாதீர்கள். எரிப்பதாக இருந்தால் அன்றைக்கே வேறோர் இடத்துக்கு மாற்றிக் குவியுங்கள். மாற்றும்போது கோலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள், கைவிளக்கு அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தீ வையுங்கள், மறுபக்கம் தப்பிக்க வழி இருக்கும். டயர், பிளாஸ்டிக், பழைய மெத்தை இவற்றையெல்லாம் எரிப்பது போகி ஆகாது. அது பிள்ளைகளின் நெஞ்சுக்கும் கேடு. திறந்த வெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. என்னைக் கேட்டால், போகிக்கு ஒரு சின்னச் சட்டியில் கொஞ்சம் வறட்டியும் கற்பூரமும் எரித்தால் போதும். எரிக்க வேண்டிய பழையது நம் மனத்துக்குள்தான் அதிகம் இருக்கிறது.

பறவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் ஆய்வாளர்கள் வானிலை ரேடாரை வைத்து மூன்று ஆண்டுகள் புத்தாண்டு இரவைக் கவனித்தார்கள். நள்ளிரவில் வாணவேடிக்கை தொடங்கியவுடன் ஆயிரக்கணக்கான பறவைகள் திடீரென்று எழும்பி, நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில் இருட்டில் தத்தளித்தது ரேடாரில் பதிவானது. 2011-இல் அந்த ஆய்வு வெளியானது. 2010 டிசம்பர் 31 இரவில், அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலத்தில் பீபி என்ற சிற்றூரில் ஆயிரக்கணக்கான கரும்பறவைகள் வானத்திலிருந்து செத்து விழுந்தன. அடைந்திருந்த மரத்துக்குப் பக்கத்தில் வெடித்த வெடியால் கலைந்து, இருட்டில் வீட்டுச் சுவரிலும் மரத்திலும் மோதி இறந்தன என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

நம்ம ஊரில் மாலை ஆறரைக்கு மைனாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து அடைகிற மரங்கள் உங்களுக்குத் தெரியும். சாலையோர மழைமரத்தில் அந்த நேரம் பேசினால் பேச்சே கேட்காது. அந்த மரத்துக்கு அடியில் சரவெடி வேண்டாம். ராக்கெட்டை மரம் இல்லாத திடலில் விடுங்கள். வீட்டில் கூடு இருக்கிற செடிக்குப் பக்கத்தில் கம்பி மத்தாப்பைக்கூடக் கொண்டுபோக வேண்டாம்.

மறுநாள் காலை வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. எரிந்த கம்பிகளைத் தண்ணீர் வாளியில் போட்டு ஆற வைத்து அள்ளுங்கள். வெடித்த காகிதத்தையும் வெடிக்காமல் கிடக்கும் மருந்தையும் பெருக்கி எடுங்கள். பச்சை நிறம் வருவதற்கு பேரியம் உப்பு சேர்க்கிறார்கள். அது நாய்க்கும் நல்லதல்ல, பறவைக்கும் நல்லதல்ல. பிறகு ஒரு தட்டில் சுத்தமான தண்ணீரைத் தோட்டத்தில் வையுங்கள். இரவெல்லாம் அலைந்த குருவி வந்து குடிக்கும். அன்றைய பூத யக்ஞம் அதோடு முடிந்தது.

சட்டமும் இருக்கிறது

தெரு நாயின் வாலில் சரவெடி கட்டுவதை ஒரு விளையாட்டாக நினைப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி பிராணியை வதைத்தால் குறைந்தது 20,000 ரிங்கிட், அதிகம் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அப்படி யாராவது செய்வதைப் பார்த்தால் படம் பிடித்துச் சிரிக்காதீர்கள். தடுத்து நிறுத்துங்கள். முடியாவிட்டால் கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

சட்டத்துக்குப் பயந்து செய்வது கடைசிப் படி. திருவாரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை இழுத்தபோது, தன் மகனென்றும் பாராமல் நீதி வழங்கினான் மனுநீதிச் சோழன். நம்ம தெரு நாய்க்கு இழுக்க மணி இல்லை. அதனால் மணி அடிப்பதற்கு முன்பே நாம் எழுந்து போக வேண்டியிருக்கிறது.

இளைஞர்கள் செய்யக்கூடிய ஒரு காரியம்

நம்ம வட்டாரக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இதற்குப் பணம் தேவையில்லை. ஒவ்வொரு தாமானிலும் ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். உதாரணத்துக்கு இரவு எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை, தாமான் திடலில் மட்டும். அதைத் தாமான் வாட்ஸ்அப் குழுவில் மூன்று மொழியிலும் போட்டுவிடுங்கள். சீன வீட்டுக்காரரும் மலாய் வீட்டுக்காரரும் தங்கள் பூனையை, நாயை, கைக்குழந்தையை, படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரை முன்கூட்டியே பார்த்துக்கொள்வார்கள். ஒன்பது மணிக்கு மேல் விளக்கு மட்டும் போதும். எப்போது முடியும் என்று தெரிந்தால் பயத்தில் பாதி போய்விடும். நாய்க்குத் தெரியாவிட்டாலும் நாயின் சொந்தக்காரருக்குத் தெரியும், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

இப்படி நாம் முதலில் செய்து காட்டினால், அடுத்த பண்டிகைக்கு அடுத்த சமூகத்தாரிடம் உரிமையோடு கேட்கலாம். "நம்ம பண்டிகைக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பேர், மறுநாள் காலை தாமானைச் சுற்றி வாருங்கள். வழி தவறிய நாய் இருந்தால் கழுத்துத் தகட்டைப் பாருங்கள், படம் எடுத்துக் குழுவில் போடுங்கள், நிழலில் தண்ணீர் வையுங்கள். அடிபட்ட காட்டுயிர் என்றால் நீங்களாகக் கையில் எடுத்து வளர்க்காதீர்கள், வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். கோயிலில் வேலை செய்யும் அண்ணன்மார்களும், திருவிழா வாண வேடிக்கைக்கு முன்பு கோசாலைப் பசுக்களை உள்ளே கட்டிவிட்டார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தீபம் என்றால் விளக்கு, ஆவளி என்றால் வரிசை. விளக்குகளின் வரிசைதான் தீபாவளி. அந்தப் பெயரில் வெடி என்ற சொல்லே இல்லை. ஓர் அகல் விளக்கு எரியும்போது எந்த உயிரும் பயந்து ஓடுவதில்லை. விட்டில் பூச்சி கூட அதை நோக்கித்தான் வருகிறது.

இந்தத் தீபாவளியில், விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடித்து, சாமி அறையில் விளக்கேற்றி, பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்தபின், ஒரு நிமிடம் வாசலுக்கு வாருங்கள். அங்கே வாலாட்டிக்கொண்டு ஒரு ஜீவன் நிற்கும். அது இரவைப் பத்திரமாகக் கடந்து வந்திருந்தால், நீங்கள் பரீட்சையில் தேறிவிட்டீர்கள் என்று பொருள்.

எல்லா உயிர்களும் இன்புற்று இருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக. உங்கள் அனைவருக்கும், உங்கள் வீட்டு நாலுகால் உறவுகளுக்கும் என் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்.

திருச்சிற்றம்பலம்.